கனகசபை நோ மோர்

என் அப்பாவை நான் தொலைபேசியில் சாகடித்தேன். அந்த நேரம் அவர் பத்தடி தள்ளி, கம்பளிக் காலுறை போட்ட கால்களை நீட்டிக்கொண்டு, தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எதற்காக என்று கேட்பீர்கள். பெரிய காரணமாக இருந்தால் இவ்வளவு கூச மாட்டேன். அரசுக்காகத் தகப்பனைக் கொன்றவர்களுக்குச் சரித்திரத்தில் ஓர் இடமாவது உண்டு. நான் செய்தது ஒரு மாணவர் வங்கிக் கணக்கின் ஓவர்டிராஃப்டுக்காக… மாணவர் கணக்கு! எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன்தான். லண்டனில் பழைய மாணவர் சங்கங்கள் போடுகிற ஆண்டு மலர்களில், வாழ்த்துச் செய்திகளுக்கும் நகைக்கடை விளம்பரங்களுக்கும் நடுவே இரண்டு பக்கத்துக்கு ஒன்று வருமே, எல்லோரும் படிக்காமலே புரட்டுவார்களே, அது பெரும்பாலும் என்னுடையது. அவற்றில் ஊரார் செய்த மடைத்தனங்களைத்தான் எழுதிவந்தேன். கைவசம் இருந்த முதல்தரச் சரக்கை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

ஊரில் படிக்கக் கிடைக்காமல் போன இலக்கியத்தை இங்கே படித்துவிடுவது என்று ஒருநாள் எனக்குத் தோன்றிவிட்டது. எம்.ஏ. என் மனைவி வாசுகி அப்போதே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, வீட்டில கிடக்கிற புத்தகத்துக்கே தூசு தட்ட ஆளில்லை. இனிப் பட்டம் எடுத்து ஆருக்குக் காட்டப் போறியள்?"

எனக்கே காட்டிக்கொள்ளத்தான். வேறு யாருக்கு?

கல்லூரி அட்டை கிடைத்ததும் வங்கியில் மாணவர் கணக்குத் திறந்தேன். கணக்கில் காசு தீர்ந்த பிறகும் ஒரு தொகைவரை எடுக்கலாம், படிக்கும்வரை வட்டி இல்லை என்றார்கள். இல்லாத காசை எடுத்துக்கொள் என்று ஒரு வங்கி கெஞ்சுவதை நான் அதுவரை கண்டதில்லை. எடுத்தேன். புத்தகம் வாங்கினேன். வகுப்பிலிருந்த இருபது வயதுக்காரர்களுக்குக் குடிக்கக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் என்னை 'சார்' என்று அழைக்காமல் இருப்பதற்காக எவ்வளவு கோப்பி வாங்கினேன் என்று நினைத்தால்… வேண்டாம். இரண்டாம் தவணை வகுப்புகளோடு படிப்பை விட்டேன். கடன் என்னை விடவில்லை. வங்கி அதைக் கடன் வசூலிக்கும் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

இங்கேதான் கதை இன்னும் நாறுகிறது. என் உத்தியோகம் கவுன்சிலில், வரி பாக்கி வைத்தவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புகிற பிரிவில். 'தயவுசெய்து ஒளியாதீர்கள், எங்களோடு பேசுங்கள்' என்று பகல் முழுவதும் ஊருக்கு எழுதுகிற மனிதன், மாலையில் தெற்கு லண்டன் மோர்டனில் தன் வீட்டில் கைத்தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

கைத்தொலைபேசியில் வந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தடுத்தேன். ஒருமுறை மாட்டிக்கொண்டபோது, ஆங்கிலம் தெரியாது என்று தமிழில் புலம்பினேன். அடுத்த முறை அவர்கள் ஒரு தமிழ்ப் பெடியனையே பிடித்துவிட்டார்கள்.

"வணக்கம் அங்கிள். காசு விஷயமாக் கொஞ்சம் கதைக்கலாமோ?"

நான் தமிழனே இல்லை என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டு இலக்கத்துக்கு அழைக்கத் தொடங்கினார்கள்.

இனி, பெயர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் பெயர் யோகநாதன். அப்பாவின் பெயர் கனகசபை. நமக்கேது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டு கேட்டது, அப்பாவின் பெயரைத் தூக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான்தான் மிஸ்டர் கனகசபை. வைத்தியசாலையிலும் வங்கியிலும் அப்படித்தான். வீட்டில் அப்பாவும் கனகசபைதான். உண்மையான கனகசபை.

அன்று மாலை நான்தான் தொலைபேசியை எடுத்தேன். ஒரு பெண். வடக்கு இங்கிலாந்துப் பேச்சு, இதமான குரல். "மிஸ்டர் கனகசபையோடு பேசலாமா?"

அவர் இப்போது இந்த முகவரியில் இல்லை என்று சொல்வதுதான் என் எண்ணம். நம்புங்கள். 'ஹி இஸ் நோ மோர் ஹியர்' என்று ஆங்கிலத்தில் கோத்து வைத்திருந்தேன். 'நோ மோர்' வரைக்கும் வந்தது. அங்கே நாக்கு நின்றுவிட்டது. ஏனென்றால் அப்பா அந்த நேரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நம்மவர்களுக்கு 'நோ மோர்' என்றால் ஒரே அர்த்தம்தான். மரண அறிவித்தலில் போடுகிற சொல். அவளுக்கு அது விளங்கவில்லை.

"நோ மோர்… என்ன நோ மோர்?" என்று கேட்டாள்.

பார்த்தீர்களா, கடவுள் எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் தந்தார். ஒரே ஒரு சொல் போதும், அப்பா பிழைத்திருப்பார். நான் குரலைத் தாழ்த்தி, "இருதயம்" என்றேன்.

முதலாவது நாக்குப் பிழை. இரண்டாவது நான்.

அவள் ஐயோ என்றாள். நீங்கள் யார் என்று கேட்டாள். மகன் என்றேன். அந்த உரையாடலில் நான் சொன்ன ஒரே உண்மை. "உங்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், கண்ணா" என்றாள். வெட்கத்தைச் சொல்கிறேன், என் கண் கலங்கிவிட்டது. துக்கம் எனக்கு வசதியாகப் பொருந்தியது.

வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா பிஸ்கட்டைத் தேநீருக்குள் தவறவிட்டு, கரண்டியால் தேடிக்கொண்டிருந்தார். காதுக்கருவி மேசையில் கிடந்ததா, காதில் இருந்ததா… இன்றுவரை அதை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

தொலைபேசி அடங்கியது. நான் அடங்கவில்லை. அப்பா இருமினால் எழுந்து போய்ப் பார்த்தேன். நடக்கும்போது நெஞ்சைத் தடவினால் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உயிரோடு இருப்பவரைச் செத்ததாகச் சொன்னால் ஆயுள் கூடும் என்று ஊரில் சொல்வார்களே, அதை நானே நாலு பேரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். இத்தனை புத்தகம் படித்தவனுக்குக் கடைசியில் கையில் மிஞ்சியது அதுதான்.

ஒரு சனிக்கிழமை நான் மாடியிலிருந்து இறங்கும்போது கீழே மணி அடித்தது. அப்பா எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். "கனகசபை ஸ்பீக்கிங்" என்பது அவர் வழக்கம். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த காலத்து ஆங்கிலம், இன்னும் கோட்டுக் கழற்றாத ஆங்கிலம்.

"கனகசபை…" என்று தொடங்கினார்.

மறுமுனைப் பெண் முந்திக்கொண்டாள். "ஆம் சார், காலமான திரு கனகசபை பற்றித்தான்." இறந்தவர்களின் கடனைப் பார்க்கும் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அனுதாபம் தெரிவித்தாள். அவருடைய மாணவர் கணக்கில் ஒரு தொகை நிலுவையில் இருப்பதாகச் சொன்னாள்.

நான் படியில் நின்றுவிட்டேன். இறங்கிப் போய்ப் பிடுங்கியிருக்கலாம். இன்னும் ஆறேழு படிதான்… இறங்கவில்லை.

"மாணவர் கணக்கு" என்று அப்பா மெல்லத் திருப்பிச் சொன்னார்.

"ஆம் சார்."

"என்ன நோயில் இறந்ததாக உங்களிடம் பதிவாகியிருக்கிறது, மேடம்?"

"இருதயம். அவருடைய மகன் தெரிவித்திருக்கிறார்."

தொலைபேசிக்குள் யாரோ தட்டச்சுச் செய்வது மட்டும் கேட்டது.

"மகன் சொன்னது சரிதான்" என்றார் அப்பா.

"அவர் ஏதாவது விட்டுப் போயிருக்கிறாரா, சார்? வீடு, சேமிப்பு?"

"ஒன்றுமில்லை, மேடம். ஒரு மகன் மட்டும்."

வைத்துவிட்டு நிமிர்ந்தார். படியில் நிற்கிற என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி ஊத்தப் போறன். உனக்கும் வேணுமோ?"

"ஓம்" என்றேன்.

விசாரணை அவ்வளவுதான். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்திலேயே இருப்பார், மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவருக்கென்று இந்த நாட்டில் இருந்தது அது ஒன்றுதான். கனடாவிலிருந்து அவருடைய தங்கை, என் மாமி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைப்பா. இரண்டு பேரும் ஊரில் செத்தவர்கள், கலியாணம் கட்டினவர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள். மூன்று ஞாயிறு கழித்து மாமி வாசுகியின் கைத்தொலைபேசிக்கு அழைத்து அழுதா. "அண்ணைக்கு என்னோட என்ன கோவம்? நான் என்ன பிழை விட்டனான் எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை."

வாசுகி கேட்டாள். "ஏன் மாமா நீங்கள் போனை எடுக்கிறேல்ல?"

"காது கேக்குதில்லை பிள்ளை."

கருவியை மாட்டிவிட்டால், பக்கத்து வீட்டு ஒழுங்கைக்குள் குப்பை லொறி வந்தாலே எனக்கு முன் எழுந்து போகிற காது அது. அவர் செத்தவராகவே இருந்தார், எனக்காக. யாராவது மறுபடி அழைக்க, தான் வாய்தவறி 'கனகசபை ஸ்பீக்கிங்' என்று சொல்லி, மகன் பொய்யனாகிவிடக் கூடாது என்று. இதை அவர் சொல்லவில்லை. நான் விளங்கிக்கொண்டேன். விளங்கிய பிறகும் எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடைசியில் அந்த நிறுவனத்துக்கு நானே அழைத்தேன். என் வாழ்வில் கடன்காரனைத் தேடிப் போனது அந்த ஒரு தடவைதான். ஓர் இளைஞன் எடுத்தான். விபரம் சொன்னேன்.

கணக்குக்காரர் காலமாகிவிட்டதால் உங்களோடு பேச எனக்கு அனுமதி இல்லை என்றான்.

காலமானவர் நான்தான் என்றேன்.

சற்று யோசித்தான். "அதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, சார்?"

கடவுச்சீட்டுப் பிரதி, சம்பளச் சீட்டுப் பிரதி எல்லாம் அனுப்பி உயிர்த்தெழுந்தேன். பெயர்க் குழப்பம், மன்னிக்கவும் என்று எழுதினேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை, கவனித்தீர்களா? தவணை போட்டுத் தந்தார்கள். அதைக் கட்டுவதற்காகச் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் செய்தேன். அதாவது, என் பாக்கியைத் தீர்க்க ஊரார் பாக்கியை இன்னும் கொஞ்சம் விரட்டினேன். வாசுகி, பரவாயில்லையே, இந்த மனிசனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்தாள். அவளுக்கு இதெல்லாம் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது. மலரைப் படிக்காமல் புரட்டுகிறவர்களில் அவளும் ஒருத்தி என்பதே என் நம்பிக்கை.

கடைசித் தவணையும் போனது. அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. சொல்லத்தானே வேண்டும்… சாப்பாட்டு மேசையில் தொடங்குவேன், உப்பைக் கேட்டு முடிப்பேன். காரில் தொடங்குவேன், மழையைப் பற்றி முடிப்பேன்.

போன மாதம் அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். காத்திருக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்ற துணிவில்தான் வாயைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் திறந்தேன். வந்தது கணக்கு.

"அப்பா… அந்தக் காசு முழுக்கக் கட்டிப்போட்டன்."

"எந்தக் காசு?"

"அந்தப் போன்காரரின்ர."

கண்ணைத் திறக்கவில்லை. "சதம் மிச்சமில்லாமலோ?"

"ஓம் அப்பா. இனி நீங்கள் போனை எடுக்கலாம். மாமியோட கதைக்கலாம்."

உள்ளேயிருந்து ஒரு தாதி வந்து, "மிஸ்டர் கனகசபை" என்று கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் நானும் எழுந்துவிட்டேன். அப்பா என் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தாதியின் குரல் வந்த பக்கம் திரும்பி நின்றார்.

"அப்ப நான் செத்தது வீணாப்போச்சு" என்றார்.