ஊசி போடாமல் பேசிய டாக்டர்

இன்று காலை ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் போகவில்லை, தோழிகளே.

பீடியை விடு, உப்பைக் குறை என்றெல்லாம் டாக்டர்கள் நோயாளிகளிடம் எந்த அளவுக்குச் சொல்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை எனக்கு. பென்னாகரத்தில் ஒரு டாக்டரின் அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

நான் இருப்பதாலோ என்னவோ, இருமலோடு வந்த ஒரு விவசாயியிடம் அவர் நெடுநேரம் பேசினார். பீடி, ஊறுகாய், தூக்கம், எதையும் விடவில்லை. ஊசி தேவையில்லை என்று அனுப்பினார். எனக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே வந்தால், அந்த விவசாயியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

"அம்மா, பெங்களூர்ல இருக்கற பையனுக்கு ஒரு தந்தி எழுதிக் குடுங்க. அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே வான்னு."

"ஐயோ, அவருக்கு வெறும் இருமல்தாங்க!"

"சும்மா சொல்லாதீங்க. ஊசியும் போடல. தோள்ல கையப் போட்டு அத்தன நேரம் பேசறாரு. பொழைக்கற ஆளுகிட்ட எந்த டாக்டருங்க அப்படிப் பேசுவாரு?"

உள்ளே ஓடி டாக்டரிடம் சொன்னேன்.

"இதனாலதாங்க நான் பேசறதே இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்த விவசாயியைக் கூப்பிட்டு ஒரு சத்து ஊசி போட்டார்.

அந்த அம்மாவின் அழுகை அந்த நிமிடமே நின்றது. ஊசி போட்ட தெம்பில் கணவர் வாசலிலேயே ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

டாக்டர் அறிவுரை சொன்னார் என்று இதைக் கணக்கில் சேர்க்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.