கோட்டுக்கு மேல் நின்ற தண்ணீர்

எங்கள் நாய் மணி தண்ணீர் குடித்த அலுமினியக் குண்டான் இன்னும் கொல்லைக் குழாயடியில் இருக்கிறது. அதன் உள்பக்கம், பாதி உயரத்தில், ஆணியால் கீறிய ஒரு கோடு. கீறியவன் நான்தான். பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் வேலை பார்த்தவன். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துவிடுவேன் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. அந்தக் கண்ணை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் வினையாகப் போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் மணியும் திருவண்ணாமலையில் எங்கள் சொந்தச் சந்து வீட்டின் முன்கட்டில் இருந்தோம். பின்கட்டில் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தார். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். மணி நாட்டு நாய், பத்து வயது தாண்டியது. ஒரு மழைக்காலத்தில் அதற்கு அரிப்பு வந்து, ரத்தம் வரச் சொறிந்துகொண்டது. மருந்துக்கடையில் சொல்லிச் சின்ன வெள்ளை மாத்திரை வாங்கி இட்லிக்குள் பொதித்து ஊட்டினேன். இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. நிறுத்தினால் மறுபடி சொறிந்தது, அதனால் நிறுத்தவில்லை. தினமும் காலையில் எனக்குக் காபி, அதற்கு இட்லி என்று மாதக்கணக்கில் ஓடியது. அது மருந்து என்கிற நினைப்பே எனக்கு விட்டுப்போயிருந்தது.

ஆறேழு மாதத்தில் மணியின் வயிறு பானை மாதிரி தொங்கியது. கால்கள் இளைத்தன. இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டித் தோல் தெரிந்தது. எவ்வளவு போட்டாலும் பசி. குண்டான் குண்டானாகத் தண்ணீர், வாசலெல்லாம் மூத்திரம். வயதாகிவிட்டது என்றார்கள் எல்லோரும். எனக்கு அது போதவில்லை. வயிறு பெருக்கிறதென்றால் யாரோ திருட்டுத்தனமாகச் சோறு போடுகிறார்கள். முடி கொட்டுகிறதென்றால் யாரோ சுடுதண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தினமும் தூக்குச்சட்டியோடு வீட்டுக்கு வருகிறவர் அக்கா ஒருவர்தான். அவரைக் கண்டால் மணி வாலாட்டியதும் எனக்குச் சாட்சியாகப் பட்டது.

கோடு கீறியது அப்போதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடு வரை தண்ணீர் ஊற்றிவிட்டு டூட்டிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை நின்றது. நாய் குடித்த தண்ணீர் ஏறுமா? மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. வாசனை இல்லாததால் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாயிற்று.

மறுநாள் அக்கா தூக்குச்சட்டியோடு சந்துக்குள் நுழைந்ததும் மறித்தேன். "தொறங்க அத. பள்ளிக்கூடத்துச் சோத்தக் கொண்டாந்து நாய்க்குப் போட்டுனு இருக்கீங்களா? தண்ணில என்னா கலந்தீங்க?" அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. சட்டியில் கழுவிய கரண்டி ஒன்றுதான் இருந்தது. "போதுமா தம்பி?" என்றார். இன்றைக்கு உஷாராகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பேச்சு பள்ளிக்கூடம் வரை போய், அரிசியையும் முட்டையையும் இரண்டு தடவை சரிபார்த்தார்களாம். வேலை போகவில்லை. ஆனால் அந்த மாதமே வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு அடி அண்ணாமலைக்கே போய்விட்டார்.

அவர் போனபின் மணி தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. சாயங்காலம் வந்தால் குண்டான் காய்ந்து கிடந்தது, பக்கத்தில் அது மூச்சிரைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். காகிதம் மாதிரி மெலிந்திருந்தது.

"யாராச்சும் எதுனா குடுத்துட்டாங்களாங்க?" என்றேன்.

"நீங்க எதுனா மாத்திரை குடுக்கறீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. அரிப்பு மாத்திரை மட்டும்."

எத்தனை மாதமாக என்று கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். சிறுநீரகத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் சுரப்பது மிஞ்சிப்போனால் இந்தத் தாகம், பசி, தொப்பை, முடி உதிர்வு எல்லாம் வருமாம். வயதான நாய்களுக்கு அது தானாகவே வருவதும் உண்டு, வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள் என்றார். மணிக்குத் தானாக வரவில்லை. அரிப்பு மாத்திரையில் இருந்ததும் அதே சரக்குதானாம், நானே தினமும் ஊட்டியிருக்கிறேன். "ஒரேயடியா நிறுத்திடாதீங்க சார். சுரப்பி தூங்கிப் போயிருக்கும், நாய் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணுங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும் கீழ்பென்னாத்தூர் போய் இன்னொரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்தேன். என் புத்தி அப்படி.

மணிக்கு விலாவில் முடி முளைக்க மூன்று மாதமாயிற்று. அதற்குப் பிறகுதான் அக்காவைப் பார்க்கப் போகும் தைரியம் வந்தது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"பகல்ல குண்டான் காஞ்சி கெடக்கும், நாக்கத் தொங்கப்போட்டுனு நிக்கும். லீவு நாள்ல நான்தான் ரொப்பி வெப்பேன்" என்றார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார். "நீ தெனமும் இட்லிக்குள்ள எதையோ வெச்சு ஊட்டுனத நானும் பாத்துனுதான் இருந்தேன், தம்பி. ஒரு நாளாச்சும் உன்ன தப்பா நெனச்சனா?"

மணி அதன்பின் ஒன்றரை வருஷம் இருந்தது. அக்கா திரும்பி வரவில்லை, வேறு யாரையும் நான் குடிவைக்கவும் இல்லை. இப்போது அந்தக் குண்டானில் வேறொரு நாய் குடிக்கிறது, அதற்கும் வயதாகிவிட்டது. சில நாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கியிருக்கும். உடனே என் கண் பின்கட்டுக் கதவுக்குத்தான் போகிறது. அது பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.