கதவிடுக்கில் வைத்த செருப்பு

போன வருஷம் ஆடி மாதம், கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நடந்தது இது. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எட்டாவது பாதியில் படிப்பை விட்டவன். பிச்சாவரத்தில் படகு ஓட்டியிருக்கிறேன். பெண்ணாடத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, அந்த லாரியிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டேன். வேலை இல்லாத நாட்களில் வடலூர் தருமசாலையில் சாப்பிட்டு, பசியில்லாமல் இருந்திருக்கிறேன். அப்புறம் வளைகுடாவுக்கு டிரைவராகப் போனேன். திரும்பி வந்த பிறகு எந்த வேலையிலும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "அவன் கால்ல சக்கரம் கட்டியிருக்கு" என்பாள் என் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடியில் சிதம்பரத்தில் ஒருவருடைய வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். ரயிலடிப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவர், கடலூர் போய் வர வேண்டும் என்று வண்டி பேசினார். எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் எதிரியிடம் பிடிபட்டு, அந்த நாட்டு முகாமில் வெகுநாள் கைதியாக இருந்து திரும்பியவர். ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றதால் எல்லோருக்கும் அவர் ஹவில்தார்தான். அவரைப் போலவே கைதியாக இருந்து வந்தவர்களை மாவட்டம் முழுக்கத் தேடிப் பிடித்து, ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். அதைப் பதிவு செய்யத்தான் பயணம்.

பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். அவரையும் சேர்த்து இருந்ததே ஏழு பேர்தான். அதிலும் இரண்டு பேர் பெண்கள். இறந்துபோன கணவன்மாருக்குப் பதிலாக வந்தவர்கள். மற்றவர்கள் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். சுபேதாராக இருந்தவர் அந்த வருஷத்திலேயே இரண்டு முறை கீழே விழுந்து எழுந்தவர். அவரைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது ஹவில்தார் என் காதருகில் வந்து சொன்னார்: "இன்னைக்கு ஆவலன்னா அடுத்த தடவைக்கு ஏழு பேரு இருப்போமான்னு தெரியாது தம்பி. பாத்து ஓட்டு."

வழியில் பி.முட்லூரில், ராணுவத்தில் நாயக்காக இருந்தவர் ஒருவர் ஏறினார். ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. ஹவில்தாரும் அவரும் அந்த முகாமில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அதனால் மச்சான் முறை கொண்டாடினார்கள்.

"மச்சான், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு மாப்பிள மாதிரி வந்துருக்கியே, பொண்ணு யாரு?"

"உன்ன மாதிரி லுங்கியோட வருவாங்களா ஆபீசுக்கு? வேட்டி எங்கடா?"

"பையில இருக்குது. ஆபீஸ் வாசல்ல கட்டிக்கிறேன். இப்பவே கட்டினா கசங்கிடும் இல்ல?"

சங்கம் எதற்கு என்று நான் கேட்டேன். ஒரு சிரிப்புப் பேச்சாகத்தான் கேட்டேன். புதுச்சத்திரத்தில் ஏறிய அம்மாதான் பதில் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரர ஊர்ல என்னான்னு சொல்வாங்க தெரியுமா? கைய தூக்கிட்டு வந்தவன்னு. அவரு காதுபடவே சொல்வாங்க. அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொன்னது இல்ல. குண்டடி பட்டு நெனவில்லாம கெடந்தவர தூக்கிட்டுப் போனாங்கன்னு எனக்கே அவரு செத்தப்புறம் இந்த அண்ணன் வந்து சொல்லித்தான் தெரியும். இப்ப சர்க்காரே ஒத்துக்கிட்ட சங்கத்துல, ஒரு போர்டுல, அவரு பேரு இருக்கட்டுமே. எவன் என்னா சொல்றான்னு பாக்குறேன்."

ஆலப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். ஹவில்தார் கடையில் இரண்டே இரண்டு பெரிய பன் வாங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கத்தியை எடுத்து, அளந்து அளந்து துண்டு போட்டார். எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். அவர் எடுக்காமல் நின்றார். நான் தள்ளி நின்று பீடி பற்ற வைக்கப் பார்த்தேன்.

"எடுப்பா டிரைவரு," என்றார் நாயக். "உன்னையும் சேத்துதான் வெட்டியிருக்காரு. நீ எடுக்காம அவரு எடுக்க மாட்டாரு. டீ ஆறுது."

முகாமில் ரொட்டி வந்தால் ஒருவர் வெட்டுவாராம். வெட்டியவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் துண்டு சமமாக வரும் என்று அவர்களே வைத்துக்கொண்ட முறை. ஊருக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், மூட்டையாக அரிசி வாங்கும் வீட்டிலும், அந்த முறையை அவர்கள் விடவில்லை. நான் எடுத்தேன். மீதியிருந்த கடைசித் துண்டை எடுத்து ஹவில்தார் டீயில் நனைத்தார்.

அலுவலகத்தில் அதிகாரி ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார். சில இடங்களில் வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேறு யாரோ பின்னால் இருந்து சங்கம் நடத்துகிறார்களாம். "அதனால ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கேப்பேன். தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்களுக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அவருடைய அறைக்கு ஏசி உண்டு. திறந்து விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு. முதலில் நாயக் போனார், வாசலிலேயே வேட்டி மாற்றிக்கொண்டு. போன வேகத்தில் வெளியே வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த மனிதர், ஒன்றும் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து சுபேதார் போனார். அவரும் அப்படியே. மூன்றாவதாக ஒருவர் போய்த் திரும்பியதும் அதிகாரியே எழுந்து வெளியே வந்தார்.

"ஐயா, என்ன இது? மூணு பேரையும் கேட்டாச்சு. சங்கத்தப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. கூட யாரெல்லாம் உறுப்பினருன்னு கேட்டா, ஒரு நம்பர் சொல்றாங்க, ரேங்க் சொல்றாங்க, அவுங்க பேரச் சொல்றாங்க. அப்புறம் செவுத்தப் பாக்குறாங்க. சங்கத்தப் பத்தி எதுவுமே தெரியலன்னுதான் நான் எழுதணும். எழுதினா பதிவு ஆகாது."

புதுச்சத்திரத்து அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணே, என்னாண்ணே ஆச்சு உங்களுக்கு? வண்டியில அவ்ளோ பேசினீங்களே!" என்று நாயக்கைப் பிடித்து உலுக்கினார்.

"நான் வரேம்மா" என்று ஹவில்தார் எழுந்தார். அவருக்கு முட்டி வலி. நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உள்ளே போனேன்.

கதவு பின்னால் சாத்திக்கொண்டது. வெளிச் சத்தம் சட்டென்று நின்றது. அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, "உக்காருங்க ஐயா. உங்க கூட இருக்கறவங்க பேரெல்லாம் சொல்லுங்க" என்றார்.

ஹவில்தார் உட்காரவில்லை. என் கையை விலக்கிவிட்டு விறைப்பாக நின்றார். நம்பரைச் சொன்னார், ரேங்கைச் சொன்னார், பேரைச் சொன்னார். இங்கிலீஷில், ஒரே மூச்சில். "ஐயா, இந்தச் சங்கத்த ஆரம்பிக்கணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார் அதிகாரி. மறுபடியும் நம்பர், ரேங்க், பேர். அந்தச் சங்கத்தை ஆரம்பித்ததே அவர்தான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கண் அதிகாரியைத் தாண்டிச் சுவரில் இருந்தது.

எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. அவருக்காக என்று சொன்னால் பொய். எனக்கே மூச்சு முட்டியது. நான் போய்க் கதவை இழுத்துத் திறந்தேன். கையை விட்டால் அது மறுபடியும் சாத்திக்கொள்ளப் பார்த்தது. இடது காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தேன். வெராந்தாவின் இரைச்சல் உள்ளே வந்தது.

"என்ன பண்றீங்க? ஏசி வெளிய போகுது பாருங்க" என்றார் அதிகாரி.

புழுக்கமாக இருக்கிறது என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "கதவ சாத்தினா எனக்கு ஆவாது மேடம். நான் உள்ள இருந்தவன்."

"எந்த உள்ள?"

சொல்லிவிட்டேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அடி தாங்காமல் அங்கிருந்து ஓடி வேறு இடத்தில் வேலை பார்த்தேன். பிடிபட்டேன். மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அவ்வப்போது ஒரு சின்ன அறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, உன்னோடு ஓடியவன் யார், அவன் எங்கே என்று கேட்பார்கள். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். அவர் பெயரை நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஜெயிலுக்குப் போனவன் என்று தெரிந்தால் யார் வண்டி கொடுப்பார்கள்?

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஹவில்தார் சுவரிலிருந்து கண்ணை எடுத்து என் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் நம்பர் என்னா?" என்றார்.

அங்கே காலையும் மாலையும் தலை எண்ணும்போது என்னை எந்த நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதை அந்த நாட்டுப் பேச்சிலேயே சொன்னேன். அது இன்னும் என் நாக்கில் இருந்தது எனக்கே ஆச்சரியம். அவர் சரி என்பது போலத் தலையை ஆட்டினார். அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க நல்ல மனசோடதான் கேக்குறீங்க. எங்களுக்கும் தெரியுது. ஆனா தனியா கூப்புட்டு, கதவு சாத்திக்கிட்டு, பேனாவும் கையுமா ஒருத்தர் ஒக்காந்து, கூட இருந்தவன் பேரச் சொல்லுன்னு கேட்டா, எங்க வாயில அவ்ளோதாம்மா வரும். நம்பர், ரேங்க், பேரு. எதிரிகிட்ட மாட்டினா அதுக்கு மேல சொல்லக் கூடாதுன்னு பட்டாளத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. காலையில சாப்ட்டது மறந்துபோவுது. இது மறக்க மாட்டேங்குது."

அதிகாரி எழுந்து ஏசியை நிறுத்தினார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, "வாங்க ஐயா, வெராந்தாவுல உக்காந்து பேசலாம். எல்லாரும் சேந்தே சொல்லுங்க" என்றார். போகும்போது என் செருப்பில் கால் படாமல் தாண்டிப் போனார்.

வெராந்தாவில் வேப்பங்காற்று அடித்தது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததில், "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா" என்று அவர்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. நாயக்குக்கு வாய் திரும்பிவிட்டது. "மேடம், இந்தாளு மொகாம்லயே கொறட்ட வுட்டவரு. காவக்காரன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஏதோ மிஷினுன்னு நெனச்சு ரூமெல்லாம் சோதன போட்டான்!" என்று ஹவில்தாரைக் காட்டினார். சுபேதார்கூடச் சிரித்தார்.

புதுச்சத்திரத்து அம்மா தன் முறை வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார். "எங்க வூட்டுல மீன் வாங்கினாலும் சரி, வாழப்பழம் வாங்கினாலும் சரி, அவருதாங்க பங்கு போடுவாரு. எல்லாரும் எடுத்தப்புறம் மீந்தத எடுப்பாரு. எம்மேலயும் புள்ளைங்க மேலயும் பாசம்னு நெனச்சேன். துக்கத்துக்கு வந்த இந்த அண்ணனும் அப்பிடியே பங்கு போட்டப்பத்தான் எனக்கு வெவரம் புரிஞ்சுது."

"பாசமுந்தாம்மா," என்றார் ஹவில்தார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த மாதமே பதிவு ஆகிவிட்டது. சான்றிதழ் வாங்க ஏழு பேரையும் நான்தான் அழைத்துப் போனேன். சுபேதாரும் வந்தார், கைத்தடியோடு. அதிகாரி சான்றிதழை ஹவில்தாரிடம் கொடுக்காமல், புதுச்சத்திரத்து அம்மாவின் கையில் கொடுத்தார். அந்த அம்மா அதைப் படிக்கவில்லை. முந்தானையால் ஒரு முறை துடைத்துவிட்டு மார்போடு வைத்துக்கொண்டார்.

"மேடம், இந்த டிரைவரையும் மெம்பரா சேத்துக்கலாமா?" என்றார் நாயக்.

"விதியில எடம் இல்லியே ஐயா."

"வேற எடத்துல இருக்குது," என்றார் ஹவில்தார். சிதம்பரத்தில் வாங்கி வந்திருந்த பெரிய கேக்கைப் பெஞ்சின் மேல் வைத்து, மடக்குக் கத்தியை என் கையில் கொடுத்தார். "நீ வெட்டு. மேடத்தையும் சேத்து வெட்டு."

எவ்வளவு பார்த்து வெட்டியும் ஒரு துண்டு சிறுத்துவிட்டது. எல்லோரும் எடுத்த பிறகு அதுதான் எனக்கு மிஞ்சியது. "மொதோ தடவ அப்பிடித்தான் ஆவும்," என்றார் சுபேதார். அதற்கு எல்லோரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இன்னொரு முறை கேட்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வண்டி ஓட்டுவேன்.

திரும்பும் வழியில் ஹவில்தார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஊருக்கு வந்த பிறகு ரொம்ப வருஷம் அவர் வீட்டுக் கதவைச் சாத்திப் படுத்ததில்லையாம். "எங்க வூட்டம்மா திட்டிக்கிட்டே படுப்பா. நாயி வருது, பூன வருதுன்னு. ஒரு மழ நாளு சாத்தினேன். ஒண்ணும் ஆவல. நீயும் மெதுவா சாத்து. அவசரம் இல்ல."

எனக்கு அது போதுமாக இருந்தது. நான்கு சுவருக்குள் இருக்க முடியாமல்தான் வேலை வேலையாக மாறிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வாரமே புவனகிரிக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு மூச்சு திட்டிவிட்டு, சோறு போட்டாள். வேன் முதலாளியிடமும் சொன்னேன். "வண்டிய ஒழுங்கா தொடச்சு வெய்யி" என்றார், அவ்வளவுதான். ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன்.

இப்போதெல்லாம் சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன்; சில நாள் முடியாமல் எழுந்து போய்ச் செருப்பை இடுக்கில் வைத்துவிட்டு வந்து படுக்கிறேன்; எந்த நாளானாலும், அதே போலக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் ஏழு வீட்டிலும் இருந்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் எனக்கு நல்ல தூக்கம் வந்துவிடுகிறது.