கணிதம் படிப்பிப்பவர்களில் நான் இல்லையாம்

துறைமுகத்தடி சனசமூக நிலையத்தின் இலவச கணித வகுப்பில் படிப்பிக்க இரண்டு மாதத்துக்கு முன்பே பதிந்தேன். அழைப்பு வரவில்லை. இன்று நேரே போனேன்.

பொறுப்பாளர் மனோகரி, பாடசாலை ஆசிரியர் அறையில் என் பக்கத்துக் கதிரைக்காரி.

"கணித லிஸ்டில உங்கட பேர் வரேல்ல ரீச்சர்."

தரவுத்தளம் செய்த றிஸ்வான் தேடிப் பார்த்தார். என் பாடங்களுக்கான நிரலில், பலதை ஒரே கட்டத்தில் அடுக்கும் ‘அரே’யாக, கணிதம், விஞ்ஞானம் இரண்டும் இருந்தன. பெயர்களைத் தேடி எடுக்கும் அவருடைய எஸ்கியூஎல் கட்டளையோ முழு அரேயும் கணிதத்துக்குச் சமமா என்று கேட்டிருக்கிறது. பாரை மீன் இருக்கிறதா என்று சந்தையில் கேட்டால், பாரையோடு சூரையும் வைத்திருப்பவர் பேசாமல் இருப்பது போல.

"உள்ளுக்க ஏதாவது ஒண்டு கணிதமா எண்டு பாக்கிற ‘எனி’யைப் போட்டிருக்க வேணும். பிழை என்ர, ரீச்சர்."

மாற்றினார். பெயர் வந்தது.

"ஆனா இந்தமுறைக்கு ஆக்கள் காணும், இனி இடமில்ல," என்றார் மனோகரி.

"என்னைத் தெரியும்தானே, ஒருக்கா கேட்டிருக்கலாமே?"

"லிஸ்டில இல்லாத ஆளை எப்பிடிக் கூப்பிடுறது ரீச்சர்?"

றிஸ்வானை மன்னித்துவிட்டேன். மனோகரி லீவு எடுத்த நாளெல்லாம் அவருடைய கணித வகுப்பை எடுத்தவள் நான். அதை எந்த நிரலில் பதிந்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.