கொடும்பாவிக்குப் போட்ட சட்டை

ஒரே நாளில் பன்னிரண்டு மாதங்களையும் பார்த்துவிடலாம் என்று சொல்லித்தான் டீச்சர் எங்கள் ஆறாம் வகுப்பை பஸ்ஸில் ஏற்றினார். பென்னாகரம் சாலையில் ஒரு தோப்புக்குள் இருந்தது அந்த வாழும் அருங்காட்சியகம். பருவத்துக்குப் பருவம் ஊரில் நடக்கும் சடங்குகளை ஆட்கள் அங்கே நடத்திக் காட்டுவார்கள். காலை பத்து மணிக்குத் தை மாதம், பொங்கல் பொங்கியது. பதினொன்றரைக்கு ஆடி வந்து ஆளுக்கொரு டம்ளர் கூழ் கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, மழை பொய்த்துப்போன சித்திரை.

எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. அங்கே வேலை செய்தது என் அம்மா. "எங்கம்மாதான் அங்க எல்லாம்" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டு போயிருந்தேன். ஆனால் கூழ் ஊற்றும்போது அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. வேலை நேரத்தில் சிரித்தால் திட்டுவார்கள் போலும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மைக் பிடித்த ஓர் அண்ணன் கொடும்பாவியைப் பற்றி விளக்கினார். மழை வரவில்லை என்றால் யாரோ பெரும் பாவம் செய்துவிட்டதாக அர்த்தமாம். அந்தப் பாவிக்கு வைக்கோலில் உருவம் கட்டி, தெருத் தெருவாகக் கயிற்றில் இழுத்து, செத்தவருக்கு அழுவதுபோல ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்திவிட வேண்டுமாம். "சும்மா பொம்மதான், யாரும் பயப்படாதீங்க" என்றார். எங்களுக்கு என்ன பயம்? கைதட்டினோம்.

பொம்மை தரையில் இழுபட்டு வந்தது. பின்னால் நான்கு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் அம்மா, தலைவிரி கோலமாக. அப்புறம்தான் பொம்மையைப் பார்த்தேன். அது போட்டிருந்தது என் அப்பாவின் சட்டை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயில்நீலச் சட்டை உலகத்தில் ஆயிரம் இருக்கும்தான். ஆனால் அந்தப் பையிலிருந்த மைக்கறை, நான் செருகிவைத்த பேனா ஒழுகியது. அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு பொங்கல் ஆகியிருந்தது. வந்தால் போட்டுக்கொள்ள வீட்டில் மூன்று சட்டைகள் இருந்தன. மூன்றில் நல்லது இதுதான். அதைப் போய்ப் பாவிக்கு மாட்டியிருக்கிறார்களே!

வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினேன். பொம்மைமேல் விழுந்து பட்டனைப் பிய்த்தேன். மூக்கெல்லாம் வைக்கோல்.

"ஏ பாப்பா, வுடு! யார் வூட்டுப் புள்ள இது?" என்று மைக் அண்ணன் கத்தினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அம்மா, அப்பா சட்டைம்மா! கொளுத்தப் போறாங்கம்மா!"

அம்மாவுக்குத் தெரியாமல் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் நம்பினேன். அம்மா வந்து குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நான்தான் குடுத்தேன். வுடு கண்ணு, எரியட்டும்."

"அப்பா வந்தா எதப் போட்டுக்குவாரு?"

அம்மா திரும்பி நின்று ஒரு குரலெடுத்தாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகையை நான் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. கூட வந்த மூன்று பேரும் தங்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பொம்மைக்குத் தீ வைத்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ தத்ரூபமா செய்றாங்க பாருங்க" என்றார்.

பெங்களூரில் அப்பாவுக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்ற சேதி அந்த வாரம்தான் அம்மாவின் காதுக்கு வந்திருந்தது. எனக்குத் தெரிய இன்னும் மூன்று வருஷம் ஆனது. அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம் அம்மாவை இனி நம்பக் கூடாது என்பது மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த இரண்டு சட்டைகளையும் சுருட்டிப் புத்தகப் பையின் அடியில் திணித்தேன். தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன், தூக்கி வந்தேன். அம்மா ஒருநாளும் அவற்றைத் தேடவில்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளித்துவிட்டேன் என்று அந்த வருஷம் முழுக்கப் பெருமையாக இருந்தேன்.