அப்பாவுக்குக் காட்டாத ஓட்டை

லாரித் தார்ப்பாயில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடியில் நுழைய வேண்டும். வெயில் நன்றாக ஏறியபிறகு தார்ப்பாயைத் தரையில் விரித்துப்போட்டு, உள்ளே தவழ்ந்து, தலையால் அதைத் தூக்கிப் பார்த்தால், எங்கெங்கே வெளிச்சம் குத்துகிறதோ அங்கெல்லாம் ஓட்டை.

தருமபுரியில் லாரிகள் நிற்கும் மைதானத்தின் ஓரத்தில் என் அப்பா தார்ப்பாய் தைத்தார். சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகள் அங்கே நின்று, கிழிசலைத் தைத்துக்கொண்டு போகும். எனக்கு ஆறு வயதானதிலிருந்து பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அடியில் நுழைவது என் வேலை. ஓட்டையைக் கண்டதும் விளக்கமாற்றுக் குச்சியை அதன் வழியாக மேலே நீட்டுவேன். மேலே முழங்கால் போட்டுத் தொடர்ந்து வரும் அப்பா அந்த இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். தார்ப்பாய்க்குள் என் தலை நகர்வதைப் பார்த்து, பெருச்சாளி ஓடுகிறது என்று கிளீனர்கள் சிரிப்பார்கள்.

உள்ளே புழுக்கம். மெழுகும் புழுதியும் பழைய வெல்லமும் கலந்த வாசனை. ஆனால் அந்த இருட்டில் என் கைமேல் விழும் வெளிச்சப் பொட்டுகளை நான் அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆணி கிழித்த இடத்தில் கோடாக வரும். எலி கடித்த இடத்தில் உளுந்தளவு வரும். கையைத் திருப்பினால் பொட்டு நீளும், விரலிடுக்கில் விழுந்தால் மடியும். அப்பா மேலிருந்து, “என்னா பாப்பா, தூங்கிட்டியா?” என்று கேட்பார். நான் குச்சியை நீட்டுவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது அந்தச் சான்றிதழை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அதற்கும் குங்குமம் வைத்துவிட்டாள். பெயரில் பட்டுவிடாமல் ஓரத்தில் வைத்தாள் என்பதுதான் ஆறுதல்.

அடுத்து எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஓவியத்தில் அரசுத் தேர்வுகள் இரண்டு. சின்னதைப் பள்ளியிலேயே எழுதி முடித்திருந்தேன். பெரியதையும் தேறினால் ஓவிய ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம். மாரண்டஹள்ளியிலிருந்து வந்த அத்தை, மாப்பிள்ளை பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அப்பா வெகுநேரம் நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வருஷம் போகட்டும் என்றார். ஒரே ஒரு வருஷம். தேறாவிட்டால் அத்தை சொன்னபடி. நானும் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வீடு ஒற்றை அறை. முன்னால் நாலு கம்பு நட்டு, அப்பா பழைய தார்ப்பாயைக் கூரையாகப் போட்டிருந்தார். அறைக்குள் பகலிலும் இருட்டு என்பதால் அந்தக் கொட்டகையில்தான் வரைவேன். ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு என் தாளின்மேல் நாலணாக் காசளவு வெயில் வந்து உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஓட்டை.

அதுவரை நான் எந்த ஓட்டையையும் அப்பாவிடம் மறைத்ததில்லை. இதை மறைத்தேன்.

அப்பா வெயில் ஏறும் முன்பே கிளம்பி, இருட்டியபிறகு வருவார். அந்த ஓட்டை ஒளிர்வதை அவர் பார்க்க வழியே இல்லை. நான் தரையில் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டேன். ஒன்பதுக்கு இங்கே, பத்துக்கு அங்கே. அது வரும் வழியில் சொம்பை வைப்பேன், ஒரு பூண்டை வைப்பேன், சந்தையில் அடிபட்டுப் போன தக்காளியை வைப்பேன். சொம்பின் வயிற்றில் வெயில் பட்டதும் அதன் மறுபக்கம் இருட்டிலிருந்து மெதுவாகப் பிரிந்து வரும். பூண்டின் தோல் உள்ளிருந்து விளக்கு ஏற்றினாற்போல் ஆகும். பென்சிலை எங்கே அழுத்த வேண்டும், எங்கே தாளைச் சும்மா விட வேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் எனக்குக் காட்டியது. மழை பெய்தால் மட்டும் அடியில் ஒரு குண்டான் வைப்பேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் நான் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் மழை கொட்டியது. திரும்பி வந்தபோது அப்பா சீக்கிரமே வந்து, என் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாள் ஊறி, அதிலிருந்த சொம்பு கலைந்துபோயிருந்தது.

மறுநாள் காலை ஒன்பதுக்குச் சொம்பை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெயில் வரவில்லை. மேகமோ என்று வெளியே எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க வெயில். அண்ணாந்து பார்த்தால், ஓட்டை இருந்த இடத்தில், நான் எழும் முன்பே போட்ட உள்ளங்கையளவு புது ஒட்டு. இரட்டைத் தையல், நாலு பக்கமும் மெழுகு. அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே ஒரு சொட்டு எறங்காது பாப்பா,” என்றார். “ஊரு லாரிக்கெல்லாம் தைக்கறவன் வூட்டுல ஓட்டை. எம் பொண்ணு படத்து மேல தண்ணி. எனக்கே வெக்கமாப் போச்சு.”

“அந்த ஓட்டை எனக்குத் தெரியும்ப்பா. வேணும்னுதான் சொல்லாம வச்சிருந்தேன்.”

அவருக்குப் புரியவில்லை. “ஓட்டைய யாராவது வேணும்னு வச்சுக்குவாங்களா?”

“நீங்க படிச்சிருந்தா புரிஞ்சிருக்கும்.”

சொல்லி முடிக்கும் முன்பே தப்பு என்று தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லியாகிவிட்டது. அப்பா கோணி ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்து போனார். அடுப்படியிலிருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அடித்ததைவிட அதிகமாக இருந்தது.

அந்தக் கொட்டகையில் என்னால் உட்கார முடியவில்லை. தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குள் நடந்தேன். வேறு வெளிச்சம் தேட என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் பாலக்கோட்டு பஸ்ஸிலிருந்து தக்காளிக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கல்லில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். கூடைப் பின்னலின் வழியாக வெயில் புகுந்து, அடியில் கிடந்த தக்காளிகளை மட்டும் தனித்தனியாகத் தொட்டது. டீக்கடைப் பெஞ்சில் ஒரு கிளாஸ் டீ இருந்தது. அதன் நிழல் கறுப்பாக இல்லை, செம்மண் நிறத்தில் இருந்தது. இத்தனை வருஷம் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், டீக்கு நிறமுள்ள நிழல் உண்டு என்று எனக்குத் தெரியாது. ஒரு பஸ் திரும்பும்போது அதன் கண்ணாடியிலிருந்து சதுரமாக ஒரு வெளிச்சம் பாய்ந்து, எதிர்ச்சுவர் முழுக்க ஓடி, முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்து மறைந்தது. என் கையால் அதன் வேகத்துக்கு ஓட முடியவில்லை. ஆனால் கண் ஓடியது.

பெண்பிள்ளை நடுத் தெருவில் உட்கார்ந்து வரைந்தால் சும்மா இருப்பார்களா? நாலு பேர் வந்து பின்னால் நின்றார்கள். ரேஷன் கார்டுக்குக் கணக்கு எடுக்கிறேனா என்று ஒருவர் கேட்டார். வத்தல்மலையிலிருந்து சாமை விற்க வந்திருந்த அம்மாள் ஒருத்தி, தன்னையும் வரையச் சொல்லிச் சாக்கை நகர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“பல்லு மூணு போயிடுச்சு தாயி. அதையும் போட்டுக் குடுத்துரு. காசா பணமா.”

போட்டுக் கொடுத்தேன். படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவ யாரோ பணக்காரி மாதிரி இருக்கறா,” என்று சாக்குக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் என் வீட்டு ஓட்டையில் மட்டும் இல்லை என்று அன்று தெரிந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் அப்பாவிடம் சொன்னது மறக்கவில்லை. உச்சிவெயிலில் கால்கள் தாமாக லாரி மைதானத்துக்குப் போயின.

அப்பா தனியாக இருந்தார். பெரிய தார்ப்பாய் ஒன்று விரித்துக் கிடந்தது. அடியில் போக ஆள் இல்லை. அவரே ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு ஒரு ஓட்டையைப் பார்ப்பார். வெளியே வந்து மேலே ஏறுவதற்குள் இடம் தவறிவிடும். மறுபடி இறங்கித் தலையை விடுவார். நான் படிக்கப் போன நாட்களிலெல்லாம் இப்படித்தான் செய்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை.

அட்டையைக் கல்மேல் வைத்துவிட்டு, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, குச்சியோடு உள்ளே நுழைந்தேன். பதினெட்டு வயதுக்கு அந்த இடம் சிறியதாகிவிட்டிருந்தது. தலை தார்ப்பாயைக் கூடாரம்போல் தூக்கியது. வெளியே கிளீனர்கள் சிரிப்பது கேட்டது.

“அண்ணே, உங்க பெருச்சாளி பெருசாயிடுச்சுங்க.”

மேலே அப்பாவின் முழங்கால் நகர்வது நின்றது. பிறகு அவர் குரல், சத்தம் உயராமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

“டிராயிங் டீச்சர் உள்ள இருக்காங்க. சத்தம் போடாதீங்கடா.”

என் கைமேல் வெளிச்சப் பொட்டுகள் கலங்கிப்போயின. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஓட்டையில் குச்சியை நீட்டினேன். சாக்கட்டி மேலே உரசும் சத்தம் கேட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. அவர் நிழல் நகரும்போது ஓட்டைகள் ஒவ்வொன்றாக அணைந்து, அவர் கடந்ததும் மறுபடி எரிந்தன. மன்னிப்பு என்று நான் வாயால் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஓட்டையைக்கூட விடாமல் காட்டினேன், மயிரிழை அளவு இருந்ததைக்கூட.

வெளியே வந்தபோது அவர் எனக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, லாரிக்காரர்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

“எவ்ளோ பெருசு வேணும்?”

“நாலணாக் காசளவு போதும்ப்பா.”

“எத்தனை மணியிலருந்து?”

“ஒம்போது. பதினொண்ணு வரைக்கும்.”

தலையாட்டிக்கொண்டார். தான் போட்ட தையலை அப்பா பிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் விடியற்காலை ஏணி போட்டு ஏறி அந்த ஒட்டின் மூன்று பக்கத்தைப் பிரித்தார். ஒரு பக்கத்தை மட்டும் விட்டு, அதைக் கதவு மாதிரி ஆக்கி, கயிறு கட்டிக் கீழே தொங்கவிட்டார். இழுத்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மழைக்காக மேலே ஒரு மடிப்பும் தைத்திருந்தார். வரைகிறவளுக்கு என்ன தேவை என்று யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை.

தேர்வு சேலத்தில் நடந்தது. தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்து இறங்கியபோது, மலைகளுக்கு நடுவில் வெயில் வந்து வந்து மறைந்தது. பக்கத்தில் அப்பா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கினார். தேர்வு அறையில் எனக்கு ஜன்னலைவிட்டுத் தள்ளி, மங்கலான மூலை கிடைத்தது. மேசைமேல் ஒரு குடமும் இரண்டு எலுமிச்சம்பழமும். நான் பதறவில்லை. குடத்தின் எந்தப் பக்கத்துக்கு வெளிச்சம் வந்து சேர்கிறது என்று கொஞ்ச நேரம் சும்மா பார்த்தேன். எலுமிச்சையின் நிழலை வெறும் கறுப்பாகப் போடவில்லை.

தேறினேன். மனுப் போட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்து, இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அத்தை இன்னும் மாப்பிள்ளை கொண்டுவருகிறாள், இப்போதெல்லாம் முதலில் என்னைக் கேட்டுவிட்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பேன். அன்று மட்டும் அப்பா வேலைக்குத் தாமதமாகப் போகிறார். கடிகாரம் பார்க்க அவருக்குத் தெரியாது. வாசலில் விழும் நிழலைப் பார்த்துவிட்டு எழுந்து வருவார், கயிற்றை இழுத்துக் கம்பில் கட்டுவார், வெயில் என் தாளில் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகுதான் ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு கிளம்புவார்.