ஏட்டய்யாவின் பர்ஸும் ரோமாபுரிக் கள்ளர்களும்

வரதராஜன்பேட்டை சின்னப்பராஜ் ஏட்டய்யாவுக்கு இந்த உலகத்தின் மேல் ஒரே ஒரு மனக்குறைதான். திருட்டு குறைந்துவிட்டது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். இருபத்து நான்கு வருஷம் ஒரே வேலையைப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த வேலையே இல்லை என்று ஆனவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அவர் வேலை ஜேப்படிக்காரர்களைப் பிடிப்பது. ஏலாக்குறிச்சித் தேர், கங்கைகொண்ட சோழபுரத்து அன்னாபிஷேகம், திருமழபாடி நந்தி கல்யாணம் என்று எங்கே கூட்டமோ அங்கே மஃப்டியில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். பின் பாக்கெட்டில் தடியாக ஒரு பர்ஸ். உள்ளே பழைய கரண்ட் பில்லும் அடைக்கல மாதா படமும்தான் இருக்கும். தூண்டிலில் மண்புழு மாதிரி அது. எவனாவது விரலை விட்டான் என்றால், விரல் வெளியே வருவதற்குள் மணிக்கட்டு இவர் பிடியில் இருக்கும். "என் இடுப்புக்குக் கண்ணு இருக்குடா" என்பார்.

அப்புறம் போன் வந்தது. மீன்சுருட்டி சந்தையில் பூ விற்கிற அம்மா கூட ஒட்டி வைத்த அட்டையைக் காட்டி "ஸ்கேன் பண்ணுங்க" என்றாள். ஜனங்கள் பர்ஸ் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். பர்ஸ் இல்லாத பாக்கெட்டில் எவன் கை விடுவான்? கடைசி நாலு வருஷம் ஒரு மணிக்கட்டு சிக்கவில்லை. பணி ஓய்வு விழாவில், "நம்ம பக்கத்துல இப்ப ஜேப்படியே கிடையாது!" என்று ஓர் அதிகாரி மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் ஏட்டய்யாவுக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

இந்தத் துக்கம் முழுசாகப் புரிந்த ஒரே ஆள் கலைமணி. ஏட்டய்யாவிடம் பதினோரு தடவை மாட்டியவன். இப்போது ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் போன் கவர் விற்கிறான். தினம் காலையில் இருவரும் அங்கே ஒன்றாக டீ குடிப்பார்கள்.

"நம்ம ரெண்டு பேர் பொழப்பையும் ஒரே போன் தின்னுடுச்சு ஏட்டய்யா" என்பான் அவன்.

இப்படி இருக்கையில்தான், ரோமாபுரியில் நர்ஸாக இருக்கும் மகள் சுகன்யா மேரி அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பினாள். பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள். செய்தி பரவியதுதான் தாமதம், திருயாத்திரை போய்வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்கு, போப்பாண்டவர் இருக்கும் இராயப்பர் பேராலய வாசலிலேயே பாஸ்போர்ட் போயிற்றாம். இன்னொரு அம்மாவுக்கு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைப்பை போயிற்றாம். "கவனங்க, அங்க உள்ளாடையைத் தவிர எல்லாத்தையும் உருவிடுவானுங்க" என்றார்கள். மனைவி மரிய புஷ்பம் கேட்கக் கேட்க ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். ஏட்டய்யா முகத்திலோ, வரன் அமைந்த வீட்டுக்காரர் போல ஒரு வெளிச்சம்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சபதம் போட்டார்: "ஒருத்தனையாவது மணிக்கட்டோட புடிக்கல, என் பேரு சின்னப்பராஜ் இல்ல."

வெளியில் சவடால். உள்ளுக்குள் பயம். இடுப்புக் கண் இன்னும் பார்க்கிறதா, இல்லை அவிந்துவிட்டதா? அது தெரியாமல் அவருக்குச் சாகப் பிடிக்கவில்லை.

ரோமாபுரியில் தினமும் கூட்டமான பஸ்ஸாகப் பார்த்து ஏறினார். மகளுக்கு டூட்டி இல்லாத நாளில் அவளும் கூட வருவாள். அவருக்கு முன்னால் நின்ற கொரியாக்காரப் பெண்ணின் போன் போயிற்று. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரரின் பணம் போயிற்று. பின்னால் நின்றவருக்குக் கைக்கடிகாரமே கழன்று போயிற்று. நடுவில் தடித்த பர்ஸோடு நின்ற ஏட்டய்யாவை ஓர் ஈ கூடத் தொடவில்லை. பத்து நாள்! ஊரிலிருந்து தினமும் போன் வேறு. "என்ன ஏட்டய்யா, ஆச்சா?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பத்தாம் நாள் வெட்கத்தை விட்டு, போனில் கலைமணியிடம் யோசனை கேட்டார். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

"நீங்க நிக்கிறதே போலீஸ் மாதிரி நிக்கிறீங்க ஏட்டய்யா. கால அகட்டி வெச்சுக்கிட்டு. அந்த மீசை வேற. எந்த நாட்டுக் கள்ளனுக்கும் அது புரிஞ்சுடும். வாயப் பொளந்துக்கிட்டு மேல பாருங்க. மீசைய எடுங்க."

முப்பத்தைந்து வருஷத்து மீசை. கண்ணாடி முன்னால் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எடுத்தார். அடுத்த நிமிஷம் ஊரிலிருந்து வீடியோவில் வந்த மரிய புஷ்பம் அலறினாள்.

"யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரரு போனு உங்க கைக்கு எப்படி வந்துச்சு? ஐயோ, திருடிட்டானுங்களே!"

தான்தான் அவள் புருஷன் என்று நிரூபிக்க ஏட்டய்யாவுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மாமனார் பெயரையும் சீராக வந்த பீரோவின் நிறத்தையும் சொன்ன பிறகுதான் நம்பினாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வாயைப் பிளந்து கோபுரங்களைப் பார்த்தபடி பஸ்ஸில் நின்றார். கழுத்து வலித்ததுதான் மிச்சம். பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மகள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏம்ப்பா சாப்பிடல?"

"இந்த ஊர்க் கள்ளனுங்களுக்குக் கூட நான் ஆகாமப் போயிட்டேனாம்மா?" என்றார். கண் கலங்கிவிட்டது. "எவன் எவன்கிட்டயோ எடுக்கிறானுங்க. என்கிட்ட எடுத்தா என்னவாம்?"

மகள் ரசம் ஊற்றினாள். அப்பாவுக்குப் பறிகொடுக்க ஆசை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிடிக்கத்தான் ஆசை என்பதை இந்த மனுஷனும் விளக்கிச் சொல்லவில்லை.

மறுநாள் கடைசி நாள். இரவெல்லாம் டூட்டி பார்த்துவிட்டு வந்த மகள், தூங்காமல் அவரோடு கிளம்பினாள். பஸ்ஸில் நெரிசல். ஏட்டய்யா வாயைப் பிளந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது நடந்தது. பின் பாக்கெட்டில் துணி ஒரு நூலளவு இறுகியது.

ஆஹா! அவர் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண் அவியவில்லை! கை தானாகப் பின்னால் போயிற்று. போன கை முதலில் தொட்டது ஒரு சுண்டுவிரலை. வளைந்த சுண்டுவிரல். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவர் ஓட்டிய சைக்கிளின் செயினில் மாட்டி வளைந்த விரல் அது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுகன்யா மேரி, தூக்கக் கண்களோடு, ஒன்றும் தெரியாதவள் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இருபத்து நான்கு வருஷமும் திரும்ப வந்துவிடும். ஏட்டய்யா கையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். பர்ஸ் போயிற்று.

இரண்டு ஸ்டாப் கழித்து அவள் கத்தினாள். "ப்பா! உங்க பர்ஸு!"

"ஐயோ, போச்சே!" என்று அவரும் தலையில் அடித்துக்கொண்டார். "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"எதுக்குப்பா? உள்ள கரண்ட் பில்லுதான?"

"போலீஸ்காரன் பர்ஸ் போயி புகார் குடுக்கலன்னா ஊருல எவன் நம்புவான்?"

ஸ்டேஷனில் ஓர் இளம் அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தான். அவன் பேசுவதை மகள் தமிழில் சொன்னாள். அந்த வட்டாரத்தில் இந்த வருஷம் திருட்டு நன்றாகக் குறைந்திருக்கிறதாம். சுற்றுலாக்காரர்களின் பர்ஸ் மட்டும்தான் இன்னும் கொஞ்சம் தொந்தரவாம்.

"இங்கயுமா குறையுது?" என்றார் ஏட்டய்யா. அந்தப் பையனைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

திருடனைப் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டான்.

"மூஞ்சியைப் பாக்கல. கையத்தான் தெரியும்" என்றார். மகள் அதை அவன் பாஷையில் சொன்னாள்.

"புதுக் கை. தொழில் சுத்தமாத் தெரியல. ரெண்டு விரல் விடுற எடத்துல மூணு விரல் விட்டுச்சு."

மகள் கொஞ்சம் முறைப்பாகத்தான் அதைச் சொன்னாள்.

"சோப்பு போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிஞ்ச கை. ஆஸ்பத்திரி வாசனை."

அவள் குரல் இறங்கியது.

"இடது சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். அது அந்தப் புள்ள தப்பு இல்ல. சைக்கிளை ஓட்டுனவன் பாத்து ஓட்டிருக்கணும்."

சுகன்யா மேரி அதை மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ் வேணாம்னு சொல்லும்மா" என்றார் ஏட்டய்யா. "அவருக்காவது குறைஞ்சது குறைஞ்சதாவே இருக்கட்டும்."

ஊர் திரும்பியதும் டீக்கடையே கூடிச் சிரித்தது. "இடுப்புக்குக் கண்ணு இருக்குன்னீங்களே, தூங்கிட்டுதா? மீசையையும் சேத்து உருவிட்டானுங்களா?" எல்லாவற்றுக்கும் அவர் "வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு கலைமணி மட்டும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"எத்தனை விரல் விட்டான் ஏட்டய்யா?"

"மூணு."

"மூணா? மூணு விரல் விட்டா எருமை மாட்டுக்குக் கூடத் தெரியுமே!"

"தெரிஞ்சுதுடா" என்றார் ஏட்டய்யா. டீ ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தார்.